அக்காவின் வீட்டில் உட்கார இடம் கிடையாது

எங்கள் அன்பிற்குரிய அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று அத்தான் கேட்டபோது, அக்காவைப் புகழ்ந்து எழுத என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்களே என்றேன்.

"புகழுததுக்கு ஆள் இருக்கும்மா. ஒன்னய மாதிரி அவளப் பாத்துக்கிட்டே இருந்த ஆளு வேற யாரு இருக்கா?" என்றார் அத்தான்.

உண்மைதான். பிறந்ததிலிருந்து நான் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்பினால் மட்டுமல்ல, பொறாமையினாலும்தான். நம் உறவினர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. அக்காவுக்கும் நன்றாகத் தெரியும். அதை மறைத்துவிட்டு எழுதினால், இதை எழுதியது யாரோ என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள்.

அக்கா குருவிகுளத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பி விதைக்கும் ஒரு சிற்றூரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தலைமகளாகப் பிறந்தார். மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். ஒரு பொங்கலுக்கு அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை எடுத்து வந்தார். உடுத்திய அன்றே அக்கா உடைமரத்து முள்ளில் மாட்டிப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். நான் ஒரு சுருக்கம்கூட விழாமல் சுவரோரமாக நின்றேன். அம்மா அக்காவைத் திட்டிக்கொண்டே, கிழிந்த இடத்தை மறைக்கப் பச்சை நூலில் ஒரு கிளி தைத்துக் கொடுத்தார். ஊரில் எல்லாரும் அந்தக் கிளியைத்தான் கேட்டார்கள். கிழியாத பாவாடைக்கு யார் கிளி தைப்பார்கள்? என் பொறாமைக்கு வயது சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பொங்கலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில் அப்பா புஞ்சையிலேயே மயங்கி விழுந்து காலமானார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவையும் என்னையும் சங்கரன்கோவிலுக்கு அழைத்து வந்தார். கோவிலுக்கு வடக்கே ஒரு தெருவில் ஒற்றை அறையும் அடுப்படியுமாக ஒரு வீடு பிடித்தார். மழலையர் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். விட்ட படிப்பைத் தபாலில் முடித்தார். என்னையும் படிக்க வைத்தார். இரண்டு வருடத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது.

அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் கட்டிலில் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன ஒருவரை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் எனக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து, தறிகளுக்கு நூல் வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து வரனும் வந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று எங்கள் தாய்மாமா தயங்கியபோது அக்கா, "மாமா, பஸ்ஸுல யாருக்கு மொதல்ல சீட்டு கெடைக்குதோ அவுக உக்காரட்டும். நான் நின்னுக்கிட்டே வாரேன்" என்றார். பந்தலில் அக்கா சிரித்த முகமாய் ஓடியாடியதைப் பார்த்து, மணமேடையில் இருந்த என்னைவிட அக்காவைத்தான் எல்லாரும் பேசினார்கள். அன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.

அம்மா காலமான பின், முப்பத்து நான்காவது வயதில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. அத்தான் கரிவலம்வந்தநல்லூரில் கணக்கு ஆசிரியர். அதிகம் பேசாதவர். இந்த வயதில் பிள்ளை பிறப்பது கஷ்டம் என்று சொல்லாத ஆள் இல்லை. நானோ, கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து மகள் வர்ஷினியைப் பெற்றவள். இரண்டாவது வேண்டும் என்று நான் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. கிடைக்கவில்லை. அக்காவுக்கு ஒரே பிரசவத்தில் இரட்டைப் பெண்கள். சங்கரநாராயணர் ஊர் ஆதலால் ஒருத்திக்குச் சங்கரி, இன்னொருத்திக்கு நாராயணி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் குமரன் பிறந்தான். தொட்டிலில் மூன்றாவதாகக் கிடந்த அவனைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே துடைத்த சமையல் மேடையை மறுபடி துடைத்தேன்.

என் வீட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டில் எந்தப் பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மிதியடிகள் கோடு போட்டதுபோல் கிடக்கும். அக்காவின் வீட்டில் கண்ணைத் திறந்துகொண்டு தேடினாலும் எதுவும் கிடைக்காது. நாற்காலியில் துணி, கட்டிலில் புத்தகம், தரையில் பொம்மை. வந்தவர் உட்கார வேண்டுமானால் முதலில் எதையாவது எடுக்க வேண்டும். எடுத்ததை வைக்க இடம் கிடையாது, ஆகையால் மடியில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். சாமி படங்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் நிற்கும். எடுத்தால் சங்கரி அழுவாள். அதற்கும் ஒரு பூ வைத்துத்தான் அக்கா விளக்கேற்றுவார். ஒரு நாள் அத்தான் பள்ளியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, மேல் தட்டில் தயிர்ச் சோற்றுக்கு நடுவே ஒரு பொம்மையின் கை நீட்டிக்கொண்டு இருந்ததாம். உடன் வேலை பார்ப்பவர்கள் ஒரு வாரம் சிரித்திருக்கிறார்கள். அக்கா, "கையக் கழுவிட்டுத்தான போட்டிருப்பா. தின்னுருங்க" என்றாராம்.

"ஒனக்குக் கோவமே வராதாக்கா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமாட்டி? காலையிலகூட ஒரு சத்தம் போட்டேன். நான் இடுப்புல கைய வச்சு நின்ன மாதிரியே ரெண்டு பேரும் நின்னு, நான் கத்துன மாதிரியே குமரனப் பாத்துக் கத்துதாளுக. என் மூஞ்சி அம்புட்டு அசிங்கமா இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சது. சிரிச்சுட்டேன். சிரிச்ச பெறகு எப்படித் திட்டுதது?"

அக்கா வீட்டு ஆடித்தபசைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊரே திரளும் திருவிழா அது. கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் இருக்க, சுற்று வட்டாரத்து விவசாயிகள் தங்கள் புஞ்சையில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் பயறையும் அள்ளி அம்மன்மேல் எறிந்து சூறை விடுவார்கள். குமரன் தவழத் தொடங்கிய வருடம் அத்தான் இரட்டையர்களையும் வர்ஷினியையும் கூட்டிப்போய்க் காட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வர்ஷினியை அழைத்துப் போக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தும்மல் வந்தது.

உள்ளே அரிசி டிரம்மின் மேல் நாராயணி ஒற்றைக் காலில் நின்றாள். அக்காவின் பட்டுச் சேலையைச் சுற்றியிருந்தாள். சங்கரியும் என் மகளும் அவள்மேல் சூறை விட்டுக்கொண்டிருந்தார்கள். துவரம்பருப்பு டப்பா காலி. வத்தல் டப்பா காலி. பருத்திக்கு எங்கே போவது? தலையணையைக் கிழித்திருந்தார்கள். விசிறிக் காற்றில் வீடு முழுதும் பஞ்சு பறந்தது. அதற்குள் தவழ்ந்து வந்த குமரன், எச்சில் வாயிலும் கன்னத்திலும் பஞ்சு ஒட்டி, ஆட்டுக்குட்டிபோல் இருந்தான். என் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாத என் மகள், இரண்டு கையாலும் பருப்பை அள்ளி அள்ளி எறிந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அத்தானின் தலைமை ஆசிரியரும் அவர் மனைவியும், மகள் கல்யாணத்துக்குத் தட்டில் பத்திரிகையோடு வந்து வாசலில் நின்றார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. இத்தனைக்கும் அது என் வீடு இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு கணம் டிரம்மைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"வாங்க சார். செருப்போடயே வாங்க, கீழ வத்தல் கெடக்கு, காலு எரியும்" என்றார். பிறகு ஒரு கைப்பிடிப் பருப்பைத் தரையிலிருந்து அள்ளி, அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். "நீங்களும் ரெண்டு போடுங்கம்மா. அம்மன் ரொம்ப நேரமா ஒத்தக் கால்ல நிக்கா. சூறை விட்டாத்தான் எறங்குவா."

அந்த அம்மாள் எதற்கும் சிரிக்காதவர். என் வீட்டுக்கு முன்பொரு முறை வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு உடனே கிளம்பியவர். அவர் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாகத் தூவினார். நாராயணி இரண்டு கையையும் உயர்த்தி, "கேட்டது கெடைக்கும். நான் கீழ எறங்கவா?" என்றாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தட்டு ஆடியது. அன்று பொழுது சாயும்வரை இருந்துவிட்டுத்தான் போனார். கட்டில் விளிம்பில், ஒரு கரடிப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் கல்யாணத்தில் தனக்குள்ள கவலைகளை எல்லாம் அக்காவிடம் சொன்னார். நான் பஞ்சைப் பெருக்கிக்கொண்டே இருந்தேன். அக்காவிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன என்று வயிறு எரிந்தது. வத்தல் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வர்ஷினி வர மறுத்தாள். "நான் பெரியம்மா வீட்டுலயே இருக்கேம்மா."

"ஏன்? நம்ம வீட்டுக்கு என்ன?"

"நம்ம வீடு எப்பவும் யாரோ விருந்தாளி வரப் போற மாதிரியே இருக்கு. ஆனா யாரும் வர மாட்டேங்காங்க."

ஏழு வயதுப் பிள்ளை. கோபத்தில் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். அக்கா சட்டென்று அவள் வாயைப் பொத்தி, "பெரிய மனுஷி பேச்சு பேசாத. போயி செருப்பத் தேடு, கெடைச்சா ஒங்க அம்மா கூட்டிட்டுப் போவா" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். உட்காருவதற்காக ஒரு துணி மூட்டையைத் தள்ளினார். நான் அழுதேன்.

"ஒனக்கென்னக்கா. எல்லாரும் ஒன் வீட்டுக்குத்தான் வாராங்க. எம் மககூட. இந்தக் குப்பையில அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.

 அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா படுத்துக் கெடந்த வருஷமெல்லாம் அந்த வீடு எப்படி இருக்கும்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா? நீ கல்யாணமாகிப் போயிட்ட. காலையில நான் ஒரு டம்ளர அங்கன வச்சுட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயந்தரம் வந்து பாத்தா அது அங்கனயே இருக்கும். வச்சது வச்ச எடத்துல. அம்மா கட்டில்ல, டம்ளர் ஜன்னல்ல. அந்த டம்ளரப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன்ட்டி. யாராச்சும் இதத் தள்ளியாவது விட மாட்டாங்களான்னு இருக்கும். இப்ப பாரு, ஒரு டம்ளராச்சும் வச்ச எடத்துல இருக்கா? ஒவ்வொரு தடவ தேடும்போதும் எரிச்சல் வரும். அப்புறம் நெனச்சுக்கிடுவேன், எடுத்து ஒளிச்சு வைக்க வீட்டுல ஆளு இருக்குன்னு."

 என் பொறாமை அதனால் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்படி ஒரு காரணம்கூட அக்காவிடம் இருக்கிறதே என்று அதுவும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வருடம் அக்காவின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. திருநெல்வேலியில் பரிசோதித்துப் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை, அதன்பின் மருந்து ஏற்றுவது என்று வரிசையாக வந்தது. மருந்து ஏற்றும் காலத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், வீடு படுசுத்தமாக இருக்க வேண்டும், சளி காய்ச்சலோடு திரியும் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா அத்தனை வேதனையிலும் என்னைப் பார்த்து, "கேட்டுக்கோ. ஒனக்கு வேல வந்துட்டு" என்றார்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டைத் துடைத்தேன். பொம்மைகளை மூட்டை கட்டினேன். தரை தெரிந்தது, அது பச்சை நிறம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திரைச்சீலைகளை வெந்நீரில் அலசினேன். பிள்ளைகள் மூவரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆட்டோவில் வரும்போது என் மனதில் ஓடியதை எழுதத்தான் வேண்டும். இனி இந்தப் பிள்ளைகள் என் வீட்டில், வர்ஷினியும் என் வீட்டில், அக்காவின் வீடு என் வீடுபோல் சுத்தமாக. அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கத்துக்கு அடியில் அப்படியும் ஒன்று ஓடியது.

ஆனால் என் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் வேறு பிள்ளைகள். மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "சித்தி, இதத் தொடலாமா? சித்தி, இங்கன நடக்கலாமா?" என்று கேட்டார்கள். சாப்பிட்ட தட்டைச் சங்கரி தானே கழுவ எடுத்துப் போனாள். குமரன் கட்டை விரலை வாயில் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தான். வர்ஷினி அவர்களுக்கு என் சட்டங்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டில் மூன்று புயலாக இருந்தவர்கள் என் வீட்டில் மூன்று விருந்தாளிகளாக ஆகிவிட்டார்கள். சில நாள் பார்த்தேன். எனக்குத் துக்கத்தைவிட ரோஷம்தான் முந்தி வந்தது. அக்காவால் முடிகிறது, என்னால் முடியாதா?

என் கணவரின் கடையிலிருந்து, நூல் சுற்றி வரும் காலி அட்டைக் கோன்கள் ஒரு சாக்கு நிறைய மாடியில் கிடந்தன. அதை இழுத்து வந்து கூடத்தின் நடுவே கவிழ்த்தேன். கோன்கள் உருண்டு சோபாவுக்கு அடியிலும் அடுப்படிக்குள்ளும் போயின. பிள்ளைகள் பயந்து என்னைப் பார்த்தார்கள்.

"சித்தி, கீழ கொட்டிட்டு" என்றாள் சங்கரி.

"நான்தான் கொட்டுனேன்."

நாராயணி யோசித்தாள். "சித்தி, இப்படிக் கொட்டக்கூடாது. ஒசரத்துல இருந்து கொட்டணும். அப்பத்தான் நல்லா இருக்கும்."

எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி நின்று கொட்டினேன். குமரன் வாயிலிருந்து விரலை எடுத்தான். அவ்வளவுதான். கோபுரம் எழும்பியது, சரிந்தது, தேர் ஓடியது, கோன் ஒவ்வொரு தலையிலும் கிரீடமானது. என் கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்று தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "வீடு மாறி வந்துட்டேனோன்னு பாத்தேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் அக்கா அலைபேசியில் முகம் பார்த்துப் பேச அழைத்தார். அப்போது கோன்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. என் சோபா நீலமாகியிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் போனை இழுத்து, ஒரே நேரத்தில் பேசி, பேசி முடிக்குமுன்பே ஓடிவிட்டார்கள். போன் என் கைக்கு வந்தது. அக்காவின் முகம் மெலிந்திருந்தது. பின்னால் நான் துடைத்து வைத்த அறை. விரிப்பு சுருங்காத கட்டில், மாத்திரைப் பெட்டி, மூடி போட்ட தண்ணீர்ப் பாட்டில். எல்லாம் நான் வைத்தது வைத்த இடத்தில்.

"ஏட்டி, அந்தக் கூடத்தக் காட்டு" என்றார் அக்கா. காட்டினேன். "இன்னும் அங்கிட்டு. சோபாவுக்கு அடியில." காட்டினேன். "குமரன் என்னத்த வாயில வச்சிருக்கான்?" போய் அவன் வாயிலிருந்து அட்டைத் துண்டை எடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, "எனக்குப் பொறாமையா இருக்குட்டி" என்றார்.

"இருக்கட்டும். இத்தன வருஷம் நான் பட்டேம்லா. நீயும் கொஞ்சம் படு" என்றேன்.

இருவரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு நான் அந்தக் கோன்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அக்காவின் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டுமென்று பாவாடை கட்டிய நாளிலிருந்து ஆசைப்பட்டவள் நான். அது வந்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. எடுத்துக்கொள், உன் பிள்ளைகளையும் எடுத்துக்கொள், என் சோபாவையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று அலைபேசியை மறுபடி அழுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சங்கரி வந்து, "சித்தி, நகருங்க, நீங்க ரோட்டுல உக்காந்திருக்கீங்க" என்றாள். நகர்ந்துகொண்டேன்.

மருந்துகள் முடிந்து மருத்துவர் அனுமதி தந்ததும் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். சில மாதங்கள் நன்றாக இருந்தன. தொடக்கத்தில் அக்காவின் தலையில் முடி வளர்ந்திருக்கவில்லை. ஒரு நாள் அக்கா கண்ணயர்ந்த நேரத்தில், அம்மாவுக்கு முடி இல்லையே என்று இரட்டையர்கள் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துவிட்டார்கள். பின்னல், கனகாம்பரம், உச்சியில் ஒரு மயில். உடல்நலம் விசாரிக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் அக்கா எழுந்து உட்கார்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பின்னல் கொஞ்சம் கோணலா இருக்கு. மயில் நல்லா வந்திருக்கு" என்றார். அழ வந்தவர்கள் எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுப் போனார்கள். அங்கே சுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, நோயில்கூட இவரை மிஞ்ச முடியாது என்று தோன்றியது.

நோய் மறுபடி வந்து நுரையீரலைப் பிடித்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உள் அறை வேண்டாம், கட்டிலைக் கூடத்தில் போடுங்கள் என்றார் அக்கா. பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் வீடு கட்டி விளையாடினார்கள். மேலே அக்கா, கீழே அவர்கள். இருமல் இல்லாத நேரத்தில் அக்கா கையைக் கீழே தொங்கவிடுவார். அதில் யாராவது ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போவார்கள். கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசியது குமரனைப் பற்றித்தான். "அவனுக்கு நீ ஊட்டிவிடாதட்டி. அவனே பெசஞ்சு தின்னட்டும். சிந்தும். சிந்தட்டும்." ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடிகாலையில், அத்தான் கையைப் பிடித்திருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். எல்.கே.ஜி.யில் அக்காவிடம் படித்து இப்போது மீசை முளைத்தவர்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். என் சாவுக்கு இதில் பாதி வருமா என்று அழுகைக்கு நடுவே ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. அக்கா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்.

அத்தான் பிள்ளைகளோடு இப்போது எங்கள் மாடியில் குடியிருக்கிறார். மாடி என்பது பெயருக்குத்தான். பிள்ளைகள் கீழேதான் இருக்கிறார்கள். குமரன் தானே பிசைந்து சாப்பிடுகிறான். சுவரிலும் கொஞ்சம் சாப்பிடுகிறான். அண்மையில் ஒரு மாலை, துணியும் பொம்மையும் சிலேட்டுமாகக் கிடந்த கூடத்தைக் காட்டி, சற்றுப் பெருமையோடு அவனிடம் கேட்டேன்: "ஏலே, சித்தி வீடு இப்ப ஒங்க அம்மா வீடு மாதிரி இருக்கா?"

அவன் நின்று நன்றாகச் சுற்றிப் பார்த்தான். "இல்ல. அம்மா வீட்டுல இன்னும் நல்லா குப்பையா இருக்கும்" என்றான்.

நான் இன்னும் கொஞ்சம் கொட்டினேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கடையநல்லூரிலிருந்து தம் காரை எடுத்து வந்து, திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று, நோன்பு நாட்களில்கூட வாசலில் காத்துக் கிடந்த அத்தானின் நண்பருக்கும், அவர்கள் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பிய அவர் துணைவியாருக்கும்; இரவு பகல் பாராமல் தொலைபேசியை எடுத்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும்; அக்காவின் தலையில் பூ வைக்க முடியாத நாட்களிலும் சாமிக்கும் டைனோசருக்குமாகச் சேர்த்துப் பூ கொடுத்த தெருமுனைப் பூக்கார அக்காவுக்கும்; வாரந்தோறும் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்ட தலைமை ஆசிரியரின் துணைவியாருக்கும்; எனக்கு விடுப்புத் தந்தும் என் கோப்புகளைத் தாங்கள் பார்த்தும் உதவிய அலுவலக நண்பர்களுக்கும்; முதல் ஆண்டு நினைவு நாளில் கலந்துகொள்ளும் உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். இந்த மலர்கள் அச்சகத்திலிருந்து வந்ததும் எங்கள் வீட்டில்தான் அடுக்கப்படும். அடுக்கியபடியே இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் கைக்கு வரும் பிரதியில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, அக்காவின் படத்தின் மேல் சோற்றுக் கை பதிந்திருந்தாலோ, தயவுசெய்து வேறு பிரதி கேட்காதீர்கள். சுத்தமான பிரதி கிடைத்தவர்கள் பக்கத்தில் இருப்பவரின் பிரதியை எட்டிப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொள்ளுங்கள். உங்களோடு நானும் படுகிறேன்.

அக்காவின் நினைவில்,
தங்கை
சங்கரன்கோவில்